நந்தாவிளக்கும் கட்டற்ற மென்பொருளும்

போளூருக்கு அருகே திருமலையில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்திக்காக அறிஞர்கள் அதை எடுத்தாள்வர். வியாபாரியான எனக்கு அதன் கடைசிப் பகுதிதான் முக்கியம். நன்னப்பயன் என்ற வணிகரின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துக்கு நந்தாவிளக்கு ஒன்று வைத்தார். விளக்கோடு நிறுத்தவில்லை, அதற்கு 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் கொடுத்தார். விளக்கு வைத்தால் போதாது, நாளைக்கும் எண்ணெய் வேண்டுமே என்று அந்த அம்மாள் யோசித்திருக்கிறார். கணிப்பொறி உலகம் இதை 2014-இல்தான் யோசித்தது.

விளக்கைப் பற்றிப் பொருளியலார் சொல்வது இது. ஒருவர் அதன் வெளிச்சத்தில் படிப்பதால் அடுத்தவருக்கு வெளிச்சம் குறைவதில்லை. இவ்வகைப் பொதுப்பொருளின் இலக்கணத்தை 1954-இல் பால் சாமுவேல்சன் வகுத்தார். காசு கொடுக்காதவரை விலக்கவும் முடியாது என்றால், “எவனாவது கொடுக்கட்டுமே” என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். மென்பொருளும் இயல்பிலே விளக்கு மாதிரிதான், நகலெடுக்கச் செலவில்லை. ஆனால் காசு கொடுக்காதவரை விலக்குவதற்குச் சட்டமும் உரிமமும் வழி செய்தன.

தொடக்கத்தில் இயந்திரத்தை வாங்கினால் மென்பொருள் கூடவே வரும். 1969-இல் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளைத் தனி விலைக்கு விற்கப் போவதாக அறிவித்தது. 1976-இல் இளைஞர் பில் கேட்ஸ், தம் மென்பொருளை நகலெடுத்துக் கொண்டவர்களைக் கடிந்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கூலியில்லாமல் யார் நல்ல வேலை செய்வார் என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வேறு வழி காட்டினார். ‘ஃப்ரீ’ என்ற சொல்லுக்கு அவர் கொண்ட பொருள் இலவசமன்று, சுதந்திரம். பயன்படுத்த, உள்ளே பார்க்க, திருத்த, பிறருக்குக் கொடுக்க உரிமை உண்டு. 1989-இல் வெளிவந்த ஜி.பி.எல். உரிமத்தின்படி, திருத்தி வெளியிடுபவரும் அதே உரிமையோடுதான் வெளியிட வேண்டும். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அது இவ்வுரிமத்தின் கீழ் வந்தது. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் அதுதான்.

இன்று லினக்ஸ் கருவை எழுதுபவர்களில் பெரும்பாலோர் கம்பெனிச் சம்பளக்காரர்கள். தன் வியாபாரத்துக்கு வேண்டியதென்று கண்ணெதிரே தெரிந்தால் முதலாளி செலவு செய்வான். கண்ணில் படாத அடித்தளச் சாமான்கள்தாம் அநாதையாகின்றன. இணையத்தில் நாம் பணம் அனுப்பும்போது செய்தியைப் பூட்டி அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் அப்படி ஒன்று. 2014 ஏப்ரலில் அதில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிப்பட்டது. இரண்டு ஆண்டுகளாக அது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. உலக வாணிபமே நம்பியிருந்த அந்தப் பூட்டுக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர்! அதன் பிறகே பெரிய நிறுவனங்கள் கூடி, ஆளுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் தர முன்வந்தன.

அதோடு பாடம் முடியவில்லை. எக்ஸ்இசட் என்ற சிறு கருவியைக் காத்து வந்த ஒருவர், இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று 2022-இலேயே எழுதினார். உதவிக்கு வந்து நம்பிக்கை பெற்ற ஒருவன் 2024-இல் அதில் கள்ளக் கதவு வைத்தான். உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அதைக் கண்டுபிடித்தார். அந்த அரை நொடியை அவர் கவனிக்காமல் விட்டிருந்தால்?

சமணத்தில் ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்று தானம் நான்கு. மென்பொருளை ஊருக்குக் கொடுப்பது சாத்திர தானத்தைச் சேர்ந்தது என்பேன். ஆனால் ஏட்டுச்சுவடியும் திரும்பத் திரும்பப் படியெடுத்தால்தான் நிற்கும். இல்லையேல் செல்லுக்கு இரையாகும். ஆகவே கேட்ஸ் அன்று கேட்ட கேள்விக்குப் பூட்டுப் போடுவது ஒன்றே விடையன்று, நிவந்தமும் விடையே. சோழர் காலத்தில் முதலைத் தொடாமல் பொலிசையால் விளக்கெரித்தார்கள். ‘சாவா மூவாப் பேராடு’ விட்டு நெய்க்கு வழி செய்தார்கள். 2022-இல் ஜெர்மன் அரசு இத்தகைய மென்பொருள் பராமரிப்புக்கென்றே ஒரு நிதியத்தைத் தொடங்கியது. நம் நாட்டிலும் கட்டற்ற மென்பொருளால் இலாபம் காணும் நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் எத்தனையோ. மிச்சமான உரிமக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாயை அவர்கள் இதற்கென ஒதுக்கினாலே போதும். சும்மா கிடைக்குதே என்று இருப்பவர்கள் விளக்கு அணைந்த பிறகு வருந்திப் பயனில்லை.