பேய்ப்படமும் ஒரு வரிக் கதையும்

தமிழ் சினிமாவில் கதை கேட்பவர்கள் முதலில் கேட்பது "ஒன்லைன் என்ன?" என்றுதான். இரண்டரை மணி நேரப் படத்தை ஒரே வாக்கியத்தில் சொல்வது ஒன்லைன். யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பேய்க்கதை என்றால் நான்காவதாக ஒன்றும் தேவை: பேய் எந்த விதிக்குக் கட்டுப்படுகிறது? எதை வேண்டுமானாலும் செய்யும் பேயைக் கண்டு யாரும் அதிக நேரம் பயப்படுவதில்லை.

1963ல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' நல்ல உதாரணம். முற்பிறவியில் பிரிக்கப்பட்ட காதலர்கள் மறுபடி பிறந்து வருகிறார்கள். இது பலரும் சொன்ன கதைதான். ஆனால் அவர்களைப் பிரித்த ஜமீன்தார் நூறு வயதைத் தாண்டியும் சாகாமல் இருக்கிறார் என்று சேர்த்ததும் கதைக்கு உயிர் வந்துவிடுகிறது.

ஒரே ஒன்லைன் பல கைகளில் மாறியதைக் காண 'மணிச்சித்திரத்தாழ்' படத்தைப் பார்க்க வேண்டும். மது முட்டம் எழுத, பாசில் இயக்கி 1993ல் வெளிவந்த மலையாளப் படம் இது. பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கும் கங்கா, முன்பு கொல்லப்பட்ட நாட்டியக்காரியாகவே தன்னை நினைக்கத் தொடங்குகிறாள். துர்காஷ்டமி இரவில் அவள் பழி தீர்ப்பதற்குள், கணவனின் நண்பரான மனநல மருத்துவர் அவளை மீட்க வேண்டும். விதியும் இருக்கிறது, கெடுவும் இருக்கிறது. கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

இதே கதையை பி.வாசு 2004ல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' என்றும், 2005ல் தமிழில் 'சந்திரமுகி' என்றும் எடுத்தார். மலையாளத்தில் மருத்துவரான மோகன்லால் படம் வெகுதூரம் நகர்ந்த பிறகே வருகிறார். தமிழில் ரஜினிகாந்த் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறார். "கணவன் வீட்டுக்கு வந்த ஒரு பெண்" என்று தொடங்கிய வாக்கியம், "நண்பனின் மனைவியைக் காப்பாற்றும் ஒரு மருத்துவர்" என்று தொடங்கலாயிற்று. எழுவாய் மாறியது. படம் மாபெரும் வெற்றி பெற்றது. ஆனால் கங்காவின் மனதுக்குள் பார்வையாளர் போகும் நேரம் குறைந்துபோனது.

மாறாத விஷயமும் ஒன்று உண்டு. மலையாளப் படத்தில் நாட்டியக்காரி பேசுவது தமிழ். தமிழில் அவள் பேசுவது தெலுங்கு. 2007ல் வந்த இந்திப் படமான 'பூல் புலையா'வில் வங்காளம். வீட்டில் யாரும் பேசாத மொழி ஒருத்தியின் வாயிலிருந்து வருவதே பயம் என்பதை எல்லோரும் புரிந்து வைத்திருந்தார்கள்.

இந்தப் பாடத்தைத் திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் ஒரு கற்பனைக் கதையை வைத்துச் சோதிக்கலாம். அங்கே காவலூர் வானாய்வகத்தில் 1986ல் தொடங்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. "வானாய்வகத்தில் பேய்" என்பது வெறும் இடம்தான், ஒன்லைன் ஆகாது. "இரவுப் பணிக்கு வந்த இளைஞன், பதிவேட்டில் நாளைய தேதியில் தன் கையெழுத்தையே பார்க்கிறான்" என்றால் ஆர்வம் வருகிறது. ஆனால் அவனுக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை. "மேகமில்லாத இரவில் மட்டும் தோன்றும் அந்தக் குறிப்பில் தங்கையின் மரணத்தைப் படிப்பவன், விடிவதற்குள் மலையிறங்கி அவளைக் காப்பாற்ற வேண்டும்" என்றால் ஆள், ஆசை, தடை, விதி நான்கும் வந்துவிடுகின்றன.

இனி கதையை எழுதத் தொடங்கலாம்.