வளைவிலே திரும்பும் சில்லு

வண்டியின் வரலாற்றை உரைப்போர் பெரும்பாலும் அதனை இழுத்த சக்தியையே பேசுவர். குதிரை, நீராவி, பெற்றோல், மின்சாரம் என்று அக்கதை வளரும். வண்டியை வளைவிலே திருப்பிய முன்சில்லுகளின் கதையைக் கேட்போர் சிலரே. ஆயினும், இன்று ஒரு மின்சாரக் காரின் டயர் வெளிப்புறம் புதிதாய்த் தோன்ற, உட்புற ஓரம் மட்டும் நூல் தெரியுமளவு தேய்ந்து கிடக்குமாயின், அதன் காரணத்தை அறிவதற்கு அக்கதையையே நாட வேண்டும்.

பழைய நாற்சில்லு வண்டியிலே முன்அச்சு முழுவதும் நடுவிலிருந்த ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பிற்று. கடும் வளைவில் அச்சு குறுக்கே திரும்பியதும் வண்டியைத் தாங்கும் தளம் ஒடுங்கிவிடும், வண்டி குடைசாயும். இக்குறையை நீக்க முயன்றவருள் ஒருவர் இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட் நகர மருத்துவர் எரஸ்மஸ் டார்வின். பரிணாமக் கொள்கையை வகுத்த சார்ள்ஸ் டார்வினின் பாட்டனார் அவர். நோயாளரைக் காண நெடுந்தூரம் வண்டியில் அலைந்த அவர், அச்சை அசையாது நிறுத்திச் சில்லுகளை மட்டும் தனித்தனியே திருப்பும் முறையொன்றை 1750களின் இறுதியில் வகுத்தார். அதற்கு ஆக்கவுரிமை எதுவும் பெற்றாரல்லர். 1768இல் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு முழங்காற் சில்லை முறித்துக்கொண்டவரும் அவரே.

மியூனிக் நகரில் வண்டி செய்து வாழ்ந்த கேயோர்க் லங்கென்ஸ்பெர்கர் 1816இல் இதே வழியைக் கண்டு பவேரிய அரசின் உரிமையைப் பெற்றார். இலண்டனில் அவர் சார்பாக 1818இல் ஆக்கவுரிமை எடுத்தவர் ருடோல்ஃப் அக்கர்மன் என்பார். இவர் சித்திரங்களை அச்சிட்டு வெளியிட்டுப் பெயர் பெற்ற பதிப்பாளர். நெல்சன் பிரபுவின் இறுதி ஊர்வல வண்டியை வரைந்தவரும் இவரே. முகவரின் பெயர் முறைக்கு நிலைத்துவிட்டது. பொறியியல் நூல்கள் இன்றும் அதனை அக்கர்மன் முறை என்றே வழங்குகின்றன. செய்தவரின் பெயரோ அடிக்குறிப்பிலே ஒதுங்கிற்று. இதனை நியாயம் என்பதற்கில்லை.

முறையின் உட்பொருள் எளியது. வளைவிலே உட்சில்லு சிறு வட்டத்திலும் வெளிச்சில்லு பெரு வட்டத்திலும் செல்கின்றன. ஆகவே உட்சில்லு கூடுதலாகத் திரும்புதல் வேண்டும். இல்லையேல் இரண்டிலொன்று உருளாது உராயும். இரு சில்லுகளையும் இணைக்கும் புயங்களை எவ்வாறு சாய்ப்பது என்பதைப் பாரிஸ் நகரத்து வண்டித் தொழிலதிபர் சார்ள்ஸ் ஜாந்தோ 1878இல் வரைந்து காட்டினார். புயங்களின் கோடுகளை நீட்டினால் அவை பின்அச்சின் நடுவிலே சந்தித்தல் வேண்டும் என்பது அவர் வகுத்த அமைப்பு. காள் பென்ஸ் 1886இல் வெளிக்கொணர்ந்த காருக்கு மூன்றே சில்லுகள் இருந்ததற்கும் இத்திருப்பற் சிக்கலே காரணம். நாற்சில்லு வண்டிக்குரிய திருப்பல் முறைக்கு அவர் ஆக்கவுரிமை பெற்றது 1893இலே.

இனி வருவது வியப்புக்குரியது. சில்லுகளுக்குக் கணிதம் வகுத்த அந்த ஜாந்தோவே மின்சாரக் கார்களைச் செய்தவர்களுள் ஒருவர். 1898 டிசெம்பர் 18இல், பாரிஸுக்கு அருகேயுள்ள அஷேர் வீதியில், அவர் செய்த மின்சாரக் காரைச் செலுத்திய கோமகன் சஸ்லூ-லோபா 1 கிலோமீற்றரை 57 விநாடிகளிற் கடந்தார். காருக்கென முதன்முதற் பதிவான வேகச் சாதனை அதுவே. நான்கு மாதங்களின் பின் அதே வீதியில் கமீய் ஜெனாட்சியின் மின்சாரக் கார் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டிற்று. எனினும் ஈயமின்கலங்களின் பாரம் அவ்வண்டிகளை நகரெல்லைக்குள் நிறுத்தியது. நெடுஞ்சாலையைப் பெற்றோல் பிடித்துக்கொண்டது.

மின்சாரக் கார் மீண்டு வந்தபோது பாரமும் உடன் வந்தது. இன்றைய மின்கலவடுக்கு தளத்தின் கீழே பல நூறு கிலோகிராமாகப் பரந்து கிடக்கின்றது. மின்னோடியோ நின்ற நிலையிலேயே தன் முழு முறுக்கத்தையும் சில்லுக்குத் தருகின்றது. ஆதலால், இலேசான வண்டியில் மெல்லத் தேய்க்கும் கோணப்பிழை இங்கே டயரை விரைந்து தின்றுவிடும். வீணாகும் உராய்வு ஒருமுறை மின்னேற்றி ஓடக்கூடிய தூரத்தையும் குறைக்கும்.

கராஜிலே 'வீல் எலைன்மென்ட்' எனப்படுவது இப்பிழையை அளந்து திருத்தும் வேலையாகும். முதலிற் காற்றழுத்தத்தைச் சமப்படுத்தி, மூட்டுகளிலும் இறப்பர்ப் புதைகளிலும் ஆட்டம் உண்டோவெனப் பார்ப்பர். ஆடும் மூட்டின்மேல் எடுத்த அளவு அரை நாளும் நில்லாது. காரை உயர்த்தும்போது தாங்கியை மின்கலப் பெட்டியின் கீழ் வைத்தலாகாது. அதற்கென விதித்த இடங்களிலேயே வைத்தல் வேண்டும். பின்பு சில்லு நிலைக்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்துள்ளது, முன்விளிம்புகளின் இடைத்தூரம் பின்விளிம்புகளின் இடைத்தூரத்தோடு எவ்வளவு வேறுபடுகின்றது என்பன அளக்கப்படும். இரண்டாவதில் சில மில்லிமீற்றர் கூடினாலோ குறைந்தாலோ, டயர் நேர்வீதியிலும் ஓயாது பக்கவாட்டில் இழுபடும்.

பின்சில்லுகளைத் திருத்த இடமுண்டாயின் அவற்றையே முதலில் திருத்துதல் முறை; கார் செல்லும் போக்கை நிர்ணயிப்பவை அவையே. அதன் பின்னரே முன்சில்லுகளின் இணைகோல்கள் இருபுறமும் முறுக்கி நேராக்கப்படும். சுக்கான் வளையத்தின் நடுநிலை எதுவென்பதை ஈற்றிலே காரின் கணினிக்கும் அறிவித்துவிடுவர்.