மைசூர் வாகை சூடிய ஆண்டு

பெங்களூர்த் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பட்டாளத்தைக் கூறுவர். இரயில் பாதையைக் கூறுவர். கோலார் தங்கவயலையும் மறவார். கால்பந்தை மட்டும் விட்டுவிடுவர். அக்குறையைச் சிறிது நீக்கவே இக்கட்டுரை.

1809இல் கன்டோன்மென்ட் அமைந்தது முதல் அல்சூரைச் சூழத் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. ஆங்கிலப் படைவீரர் ஆடிய ஆட்டம் அப்பகுதிச் சிறுவர்களையும் பற்றிக்கொண்டது. பம்பாயில் 1891இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பை நெடுங்காலம் வெள்ளையர் படைப்பிரிவுகளின் உடைமை போலவே இருந்தது. 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் குழுவினர், கல்கத்தாவின் புகழ்மிக்க முகமதன் ஸ்போர்ட்டிங்கை இறுதி ஆட்டத்தில் வென்று அதனைக் கைப்பற்றினர். படைசாராத இந்தியக் குழு அக்கோப்பையைப் பெற்றது அதுவே முதன்முறை. மறு ஆண்டும் அவர்களே வென்றனர்.

இவ்வாறு பண்பட்ட நிலத்தில்தான் 1946ஆம் ஆண்டுச் சந்தோஷ் கோப்பைப் போட்டி நடைபெற்றது. 1941இல் தோன்றிய அப்போட்டி அதுவரை மும்முறை நடந்திருந்தது. இருமுறை வங்காளமும் ஒருமுறை டில்லியும் வென்றிருந்தன. வங்காளத்தாரிடம் பெரிய சங்கங்களும் பெருங்கூட்டமும் பொருளும் இருந்தன. அத்தகைய குழுவை மைசூர் மாநிலக் குழு பெங்களூரிலேயே இறுதி ஆட்டத்தில் வீழ்த்திற்று. தென்னாட்டிற்குக் கோப்பை முதன்முதலாக வந்து சேர்ந்தது.

இரண்டே ஆண்டுகளில் அப்பெருமை கடல் கடந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடிய இந்தியக் குழுவில் மைசூரின் அகமது கான், தன்ராஜ், சாரங்கபாணி ராமன் ஆகியோர் இடம்பெற்றனர். பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய அக்குழு, ஜூலை 31 அன்று பிரான்சை எதிர்கொண்டது. கிடைத்த இரு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. எனினும், 70ஆம் நிமிடத்தில் ராமன் பந்தை வலைக்குள் செலுத்தி ஆட்டத்தைச் சமமாக்கினார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த முதற் கோல் அது! முடிவில் பிரான்சு 2-1 என வென்றது.

ஆனால் புகழுக்கு ஒரு விலை இருந்தது. சிறந்த ஆட்டக்காரர்கள் கல்கத்தாவிற்குச் சென்றனர். அகமது கானும் தன்ராஜும் ஈஸ்ட் பெங்கால் சங்கத்தின் 'பஞ்ச பாண்டவர்' வரிசையில் ஒளிர்ந்தனர். அல்சூரை அடுத்த கௌதமபுரத்துத் தமிழர் அருமைநாயகம் மோகன் பகானில் ஆடினார்; 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற குழுவிலும் இருந்தார். வங்கத்தார் நன்கறிந்த அப்பெயரை நம் பிள்ளைகளில் எத்துணைப் பேர் அறிவர்?

மைசூர் 1952, 1967, 1968 ஆண்டுகளிலும் வென்றது. பின்னர் 54 ஆண்டுகள் கோப்பை வரவேயில்லை. 2023 மார்ச்சில் ரியாத் நகரில் மேகாலயத்தை 3-2 என வென்று, கர்நாடகம் என்னும் புதுப்பெயரில் அதனை மீட்டது.

வைட்ஃபீல்டில் மெட்ரோ ஏறுவோர் அல்சூரில் இறங்கிக் கௌதமபுரம் செல்லலாம். புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பிரேசில் வீரர் பெலேயின் சிலையும் அங்கே நிற்கக் காணலாம்.