‘டச்சிங்’ பிறந்த கதை

1855-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில், மியூனிக் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் ஒரே முகத்தை இரண்டு படங்களாக வைத்தார். ஒன்று கேமரா பிடித்தபடியே இருந்தது. மற்றதில் நெகட்டிவ் மேலேயே கைவேலை நடந்திருந்தது. கூட்டம் அசந்து போனது. கல்லச்சு ஓவியத்தில் பேர்போன கை அது. அதே ஆண்டு பிரெஞ்சு போட்டோகிராஃபி சங்கத்தில் இந்தக் கைவேலை தகுமா என்று வாக்குவாதம் மூண்டது. தூரிகையைத் துணைக்கு அழைத்தால் போட்டோகிராஃபியே போய்விடும் என்பது யூஜின் துரியூவின் கட்சி. பால் பெரியே அதை ஏற்கவில்லை.

நான் அந்த ஆண்டு அங்கே இருந்திருந்தால் பெரியே பக்கம்தான் நின்றிருப்பேன். கேமராவுக்குள் படம் பதியும் அன்றைய தட்டு நீல ஒளிக்கு நன்றாக மசியும். சிவப்பு அதன் கண்ணில் படாது. அதனால் சிவந்த பருவும் கன்னத்துச் செம்புள்ளியும் படத்தில் கருந்திட்டாக விழுந்தன. நேரில் யாரும் கவனிக்காத புள்ளி, போட்டோவில் தழும்பாகத் தெரியும். கேமரா செய்த பிழையைக் கை திருத்தியது, அவ்வளவுதான்.

அந்த ‘டச்சிங்’ வேலை நம்மூர் ஸ்டுடியோக்களிலும் கறுப்பு வெள்ளைக் காலம் முழுக்க நடந்தது. சாய்வான பலகையில் ஒரு துளை, அடியில் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு கண்ணாடி. துளைமேல் நெகட்டிவை வைத்து, பென்சில் பிடிக்கும்படி மெல்லிய பிசின் கலவை தடவுவார்கள். உப்புத்தாளில் தேய்த்து ஊசிபோல் ஆக்கிய பென்சில் முனை. நெகட்டிவில் சுருக்கம் வெளுத்த கோடாகத் தெரியும். பொடிப்பொடிக் கீற்றுகளால் அதை நிரப்பினால் அச்சில் சுருக்கம் மறையும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுக்கும், ஒருபோதும் கறுக்காது. கறுக்க வேண்டுமென்றால் கத்தியால் சுரண்ட வேண்டும், அது ஆபத்தான வேலை. ஆகவே கை சுலபமாகப் போன திசை எப்போதும் வெளுப்புதான்.

1873-ல் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்துத் தட்டுக்குப் பச்சையைக் காட்டினார். 1906-ல் சிவப்பையும் காணும் தட்டுகள் விற்பனைக்கு வந்தன. பழைய காரணம் போய்விட்டது, பென்சில் போகவில்லை. 2002-ல் ஃபோட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷ் வந்தது; இன்று போனே கேட்காமல் முகத்தை மழமழப்பாக்குகிறது.

எதுவரை தகும் என்று கேட்டால், கேமரா போட்டதை எடுக்கலாம் என்பேன். ஃபிளாஷ் ஏற்றிய எண்ணெய்ப் பளபளப்பு, கிட்ட வைத்த லென்ஸ் பெரிதாக்கிய மூக்கு, விளக்கு தோண்டிய கண்குழி எல்லாம் அதன் கணக்கில் சேரும். மாநிறம் கேமரா போட்டதல்ல. கல்யாண ஆல்பத்தில் மாநிறப் பெண்ணைச் சிவப்பாக்கித் தருவது அவளுக்குச் செய்யும் அவமரியாதை. பெண் வீட்டாரே கேட்டாலும் ஸ்டுடியோக்காரர் முடியாது என்று சொல்ல வேண்டும்.