குடல்தோல் கலை

விலங்குகளின் குடல், இரைப்பை ஆகியவற்றின் சவ்வைப் பதப்படுத்தி, தைத்தும் சட்டங்களின் மேல் போர்த்தியும் உருவங்கள் படைக்கும் கலை. இன்று இது இழைச் சிற்பத்தின் ஒரு கிளை. இதன் வேரோ அலாஸ்கா கடற்கரையில், வேட்டைக்காரரின் உயிர்காத்த மழைச்சட்டையில் இருக்கிறது.

அலூசியன் தீவுகளின் உனங்கன் மக்களும் யூப்பிக், இனுப்பியாக் மக்களும் கடல்நாய், கடற்சிங்கம், வால்ரஸ், கரடி ஆகியவற்றின் குடலைக் கழுவி, உள்ளும் புறமும் சுரண்டி, காற்றடைத்து உலர்த்தினர். உலர்ந்த குழாயை நெடுகக் கீறினால் நீண்ட பட்டை கிடைக்கும். பட்டைகளைப் பெண்கள் விலங்கின் தசைநாரால் தைத்தனர். நனைந்ததும் அந்த நார் உப்பி ஊசித் துளையை அடைத்துவிடும். கயாக் படகில் அமர்ந்தவர் சட்டையின் கீழ்விளிம்பைப் படகின் வாயோடு இறுக்கிக் கட்டிக்கொள்வார். அலை மேலே புரண்டாலும் நீர் உள்ளே இறங்காது. ஒளியைக் கசியவிடும் இதே சவ்வு வீட்டுக் கூரையில் சாளரமாகவும் ஆனது. செயின்ட் லாரன்ஸ் தீவில் உறைகுளிரில் உலர்த்திய குடல் வெளுத்து மென்மையாகும். அதன் தையல்களில் கடற்பறவை இறகுகளைச் செருகி அழகூட்டினர். தேவைக்குத் தைத்த சட்டை அப்போதே கலைப்பொருளாகிவிட்டது என்பதில் ஐயமில்லை.

1741இல் கடலோடி பெரிங்கின் கப்பல்கள் வந்தபின் அலாஸ்கா கடற்கரையில் பரவிய ரஷ்யர் இந்த மழைச்சட்டையைக் கம்லெய்கா என்றனர். 19ஆம் நூற்றாண்டில் அவர்களின் அதிகாரிகளுக்காக ஐரோப்பிய மேலங்கி வடிவிலும் உனங்கன் பெண்கள் தைத்துக் கொடுத்தனர். அருங்காட்சியகப் பதிவுகளில் சேகரித்தவர் பெயர் இருக்கிறது; தைத்தவர் பெயர் பெரும்பாலும் இல்லை. இக்கலை வரலாற்றின் தீராத குறை இது.

1980களில் கலிபோர்னியாவில் இழைக் கலைஞர்களான பேட் ஹிக்மனும் லில்லியன் எலியட்டும் இணைந்து சிற்பக் கூடைகள் செய்தனர். எலியட் சட்டகத்தைப் பின்னுவார். ஹிக்மன் அதன்மேல் ஈரக் குடலைப் போர்த்துவார். ஈரக் குடல் பசையின்றித் தன்னோடு தானே ஒட்டும். உலரும்போது சுருங்கி முரசுத் தோல்போல் விறைக்கும். ஹிக்மன் பயன்படுத்தியது தொத்திறைச்சிக்கு விற்கப்படும் பன்றிக் குடல்; கடல்விலங்கின் குடல் அல்ல. 1972ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி கடல்பாலூட்டிகளை வேட்டையாடும் உரிமை, சில விலக்குகள் நீங்கலாக, அலாஸ்காவின் பூர்வகுடிகளுக்கே உண்டு.

அந்தப் பூர்வகுடி மரபில் வந்தவர் 1969இல் பிறந்த சோனியா கெல்லிஹர்-கூம்ஸ். வால்ரஸ் இரைப்பை, குடல், மயிர் ஆகியவற்றோடு அக்ரிலிக்கையும் அவர் கையாள்கிறார். அடுக்கடுக்காகப் பூசி உலர்ந்த அந்த அக்ரிலிக், பாட்டிமார் பதப்படுத்திய சவ்வைப் போலவே ஒளியை உள்ளே வாங்குகிறது.