வான்வழிக் காணொளியால் ஆற்றின் மேற்பரப்பு ஓட்டத்தை அளத்தல்

ட்ரோன் அல்லது ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த காணொளியைக் கொண்டு ஆற்றுநீரின் மேற்பரப்பு வேகத்தையும் திசையையும் கணக்கிடும் முறை இது. பெருவெள்ளத்தில் நீரோட்டமானியை இறக்குவதும் படகில் போவதும் ஆபத்தானவை. அடித்து வரும் மரங்கள் கருவிகளைச் சிதைத்துவிடும். ஓட்டத்தின் அளவு மிகவும் தேவைப்படும் அந்த வேளையிலும் நீரைத் தொடாமல் அளக்க முடிவதே இம்முறையின் பெரும்பயன்.

வரலாறு

நீரில் நுண்துகள்களைத் தூவிப் படமெடுத்து வேகம் காணும் ஆய்வக உத்தியே இதன் மூலம். அதை ஆறுகளின் அளவுக்கு விரித்தவர்களில் முதன்மையானவர் ஜப்பானியப் பொறியாளர் இச்சிரோ ஃபுஜித்தா. மரியன் முஸ்தே, அன்டன் குரூகர் ஆகியோருடன் 1998இல் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடித்தளமானது. ஜப்பானின் யோதோ ஆற்றில் 2002இல் வந்த வெள்ளமும் ஹெலிகாப்டர் காணொளி வழியே ஆராயப்பட்டது.

செய்முறை

காற்றில் கேமரா அசைவதால், கரையிலுள்ள நிலையான புள்ளிகளை ஆதாரமாக வைத்து முதலில் படங்கள் சீராக்கப்படுகின்றன. தரையில் அளந்த தூரங்களைக் கொண்டு ஒரு படப்புள்ளி எத்தனை சென்டிமீட்டர் என்பது கணிக்கப்படுகிறது. பிறகு நுரை, சருகு, கலங்கல் திட்டு, சிற்றலை ஆகியவற்றின் உருவமைப்பு அடுத்தடுத்த படங்களில் எவ்வளவு நகர்ந்தது என்று கணினி ஒப்பிடுகிறது. ஒரு படப்புள்ளி 5 செ.மீ. எனில், அரை விநாடியில் 20 புள்ளிகள் நகர்ந்த நுரையின் வேகம் விநாடிக்கு 2 மீட்டர். அலாஸ்கா ஆறுகளில் மேலெழும் வண்டல் திரள்களே போதிய அடையாளமாயின. வெப்பப்படக் கேமராவும் அங்கு பயன்பட்டது.

நீரளவு கணக்கிடல்

ஆழத்தில் நீர் பொதுவாக மெதுவாக ஓடும். எனவே மேற்பரப்பு வேகத்தை 0.85 என்னும் காரணியால் பெருக்குவது வழக்கம். ஆற்றுக்கு ஆறு இது சற்று மாறும். மேலே சொன்ன 2 மீட்டர் வேகமே ஆற்றின் குறுக்கே முழுவதும் இருப்பதாகக் கொண்டால், சராசரி வேகம் 1.7 மீட்டர். குறுக்குவெட்டுப் பரப்பு 100 சதுர மீட்டர் எனில், விநாடிக்கு 170 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 6,000 கன அடி நீர் பாய்கிறது.

வரம்புகள்

பலத்த காற்று மேற்பரப்பு அலைகளைத் திசைதிருப்பும். சூரிய ஒளியின் பளபளப்பு உருவங்களை மறைக்கும். தெளிந்து அமைதியாக ஓடும் நீரில் பின்தொடர எதுவும் தென்படாது. ஆழத்தைச் சாதாரணக் காணொளி காட்டுவதில்லை. வெள்ளம் ஆற்றுப்படுகையை அரித்தோ மேடாக்கியோ விடுவதால், பழைய குறுக்குவெட்டை நம்பினால் வேகம் சரியாக இருந்தும் நீரளவு பிழையாகும்; வெள்ளம் வடிந்தபின் படுகையை மீண்டும் அளப்பது அவசியம்.