அகவிலைப்படி யாருடைய சொல்?

அகவிலைப்படிக்குப் பொருள் சொல்ல வந்த ஒருவர், 'அகம் என்றால் வீடு. வீட்டுச் செலவு ஏறுவதை ஈடுகட்டும் தொகை' என்று எழுதப்போக, நாலு பேர் அதையே எடுத்தாள்கிறார்கள். வீட்டுக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்த அகம், அஃகம். அஃகம் என்றால் தானியம். ஆத்திசூடியில் ஆய்த எழுத்துக்கு ஔவை எடுத்துக்கொண்ட சொல் இதுதான்; தானியத்தை அளவு குறைத்து விற்காதே என்று வணிகருக்குச் சொன்ன இடம். ஆய்தம் தேய்ந்து அகவிலை ஆயிற்று. அகராதிகளிலும் அகவிலைக்குத் தானிய விலை என்ற பொருள் உண்டு.

அடுத்தது படி. படிப்படியாக ஏறுவதால் படி என்பது பேச்சுக்குக்கூட நிற்காது. படி நெல் அளக்கும் படிதான். களத்தில் அளப்பவர் முதல் அளவை 'ஒன்று' என்று எண்ணமாட்டார். 'லாபம்' என்று தொடங்கி, 'ரெண்டு', 'மூணு' என்று போவார். அப்படி அளந்து போட்டதே கூலி. பயணப்படியிலும் அந்தப் படியே இருக்கிறது. ஓட்டுநர்கள் வாங்கும் பேட்டாவையும் கன்னடத்தில் நெல்லைக் குறிக்கும் 'பத்த' என்ற சொல்லோடு சேர்ப்பேன்.

கூலியும் தானியத்தில் பிறந்ததே. தானியத்துக்கு இன்னொரு பெயர் கூலம். மணிமேகலை தந்த சாத்தனார் மதுரைக் கூலவாணிகர். சிலம்பின் மதுரையில் கூலவீதி உண்டு. கூலமாகக் கொடுத்தது கூலி. குஜராத்தின் கோலி குலப்பெயரிலிருந்து கூலி வந்தது என்பாருக்கு 619ஆம் குறளே போதும். ஐரோப்பியர் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, உடல் வருந்தி உழைத்ததன் பயனுக்கு வள்ளுவர் அச்சொல்லை ஆண்டுவிட்டார்.

சொல்லை இவ்வளவு நோண்டுவதற்குக் காரணம் உண்டு. நெல்லாகக் கூலி வாங்கியவரிடம் வேறு குறைகள் ஆயிரம் இருந்தன; ஆனால் அரிசி விலை ஏறினால் அவர் கூலியும் கூடவே ஏறியது. கூலி காசானதும் அந்தக் காப்பு போயிற்று. தானியம் விலையேறும்போது கீழ்நிலை அரசு ஊழியருக்கு ஈட்டுத்தொகை தரும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்தது. இன்று மத்திய அரசு ஊழியருக்கு ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இருமுறை, தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து அகவிலைப்படி கணக்கிடுகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, நியாயமான ஏற்பாடு. நாற்று நடுகிற பெண்ணுக்கு அது எங்கே? குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையில் படி என்று அச்சாகியிருக்கலாம். சாயங்காலம் வரப்பில் நின்று அவர் வாங்கும் நோட்டுகளில் அதைக் காணோம்.

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பத்தினர் 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதற்குக் கிடைத்த பதில் அது. அதற்கு அடுத்த ஆண்டில்தான் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

அந்த அரைப்படியும் அகவிலைப்படியில் உள்ள படியும் ஒரே சொல். களத்தில் பிறந்து அலுவலகத்துக்குக் குடியேறியிருக்கிறது. பொருளாதாரம் யாருக்காக நடக்கிறது என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் குடியேற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேறு வேர் காட்டுவோர் காட்டட்டும். அகவிலைப்படி கூலிக்காரரின் சொல் என்பது என் துணிபு.